விபத்துக்குக் காரணம் "மனிதத் தவறு" – அவ்வளவுதானா?

2021 டிசம்பர் 8. குன்னூர் பக்கத்தில் காட்டேரி அருகே மலை ரயில் பாதையில் சிலர் நடந்துகொண்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம். செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஹெலிகாப்டர் பனிமூட்டத்துக்குள் போகிறது. கண்ணில் இருந்து மறைகிறது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கிறது. பிறகு அதுவும் இல்லை. "என்ன ஆச்சு, உடைஞ்சிருச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அன்று மாலைக்குள் அந்த வீடியோவை நாடு முழுவதும் பார்த்துவிட்டது.

அது இந்திய விமானப் படையின் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர். காலை 11.48க்கு சூலூரில் கிளம்பியது. 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். வெறும் 27 நிமிடப் பயணம். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு அறுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். 13 பேர் அன்றே இறந்தார்கள். பலத்த தீக்காயங்களோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார்.

முதலில் ஓடி வந்தவர்கள் நஞ்சப்பசத்திரம் மக்கள். வீட்டில் இருந்த குடத்திலும் பக்கெட்டிலும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். கம்பளி கொடுத்தார்கள். அந்தக் கம்பளிகளில்தான் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் ராணுவம் அந்த ஊருக்கு நன்றி சொல்லி, ஒரு வருடத்துக்கு ஊரையே தத்தெடுத்துக்கொள்வதாக அறிவித்தது.

சரி, விபத்து ஏன் நடந்தது?

ஏர் மார்ஷல் மன்வேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணை நடந்தது. 2022 ஜனவரி 14 அன்று அதன் முதற்கட்ட முடிவுகளை விமானப் படை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. பைலட்டுக்குத் திசையுணர்வு குழம்பியது. நல்ல நிலையில், கட்டுப்பாட்டில் இருந்த ஹெலிகாப்டரே மலையில் மோதியது. இதுதான் சுருக்கம்.

பிறகு 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வந்தது. 2017 முதல் 2022 வரையிலான திட்டக் காலத்தில் விமானப் படையில் நடந்த 34 விபத்துகளின் பட்டியல் அதில் இருந்தது. குன்னூர் விபத்தும் அதில் ஒரு வரி. "காரணம்" என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: மனிதத் தவறு, விமானக் குழுவினர்.

அவ்வளவுதான். 14 உயிர், ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

இந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது. "மனிதத் தவறு" என்பது பொய் அல்ல. ஆனால் ஒரு விசாரணை அந்த இரண்டு வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும், அங்கேயே முடியக் கூடாது. உலகத்தில் விமானப் பயணம் இவ்வளவு பாதுகாப்பாக ஆனதற்குக் காரணமே, சிலர் அந்த இரண்டு வார்த்தையோடு திருப்தி அடையாததுதான்.

மலை ரயிலில் ஒரு பாடம்

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரும் மலை ரயிலில் போயிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இன்ஜின் முன்னால் இருக்காது, பின்னால் இருந்து தள்ளும். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். 12.5 அடி போனால் 1 அடி ஏறும் அளவுக்குச் செங்குத்து. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்றுகொண்டிருப்பார். இன்ஜினில் பிரேக் இருக்கிறதே, பெட்டிக்குப் பெட்டி தனி ஆள் எதற்கு?

இந்த ரயிலை வடிவமைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. இன்ஜின் டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு நாள் தவறு செய்வார். எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும் ஒரு நாள் பிடிக்காது. அந்த ஒரு நாளில் வண்டி பள்ளத்தில் விழக் கூடாது என்றால், ஒன்று தப்பினால் இன்னொன்று பிடிக்க வேண்டும்.

இதையே ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியல் பேராசிரியர் 1990களில் ஒரு படமாக விளக்கினார். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பாலாடைக்கட்டித் துண்டுகளை வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பாதுகாப்பு. ஓட்டை இல்லாத துண்டு கிடையாது. ஆனால் ஒரு துண்டின் ஓட்டையை அடுத்த துண்டு மறைத்துவிடும். எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும் நாளில்தான் விபத்து.

இதில் பைலட், மெக்கானிக் எல்லாம் கடைசித் துண்டுகள். அவர்களுக்கு முன்னால் நிற்கும் துண்டுகள் யாருடையவை? பயிற்சி, ஆள் எண்ணிக்கை, ஷிப்ட் நேரம், உதிரிபாகம், வானிலைத் தகவல், "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம். இவை எல்லாம் நிறுவனத்தின் துண்டுகள். விபத்து நடந்ததும் கேமரா கடைசித் துண்டை மட்டும் படம் பிடிக்கிறது.

84 போல்ட்டுகள்

குன்னூர் விபத்தில் இயந்திரக் கோளாறு இல்லை என்று விசாரணையே சொல்லிவிட்டது. பின் எதற்குப் பராமரிப்புத் தவறுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. "யார் செய்தது?" என்ற கேள்வியில் இருந்து "ஏன் அப்படிச் செய்ய முடிந்தது?" என்ற கேள்விக்கு விமானத் துறை நகர்ந்ததில், பராமரிப்புக் கொட்டகைகளில் நடந்த தவறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

1990 ஜூன் 10. பர்மிங்ஹாமில் இருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். 17,000 அடி உயரத்தில் போகும்போது கேப்டனுக்கு முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடம்பு இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். நம்ப முடியவில்லை அல்லவா? கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடி சற்று முன்புதான், ஒரு நாளுக்கும் சற்றுக் கூடுதலான நேரத்துக்குள், மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் தேவையானதைவிட நூலளவு மெலிதானவை. மாற்றியவர் புதியவர் அல்ல, அனுபவமும் நல்ல பெயரும் உள்ள மேற்பார்வையாளர். பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் குறைவான உதிரிபாக இடத்தில், கண்ணால் அளவு பார்த்து எடுத்தார்.

"கையேட்டைப் பார்க்காமல் வேலை செய்த மனுஷன் மேல்தான் தப்பு" என்று ஃபைலை மூடியிருக்கலாம். பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் மூடவில்லை. இரவு ஷிப்ட்டில் ஏன் ஆள் குறைவு? மேற்பார்வை செய்ய வேண்டியவரே ஏன் ஸ்பானரைப் பிடித்தார்? அவர் வேலையைச் சரிபார்க்க இன்னொருவர் ஏன் இல்லை? கடைசிக் கேள்விக்கான பதில்தான் முக்கியம். முன்கண்ணாடி பொருத்துவது, இரண்டு பேர் கட்டாயம் சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலிலேயே இல்லை! செய்தவர் அவரே, சரி என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே.

பி.காம். படிப்பில் தணிக்கைப் பாடத்தைத் திறந்தவர்களுக்கு இது உடனே புரியும். பணம் வாங்குபவரே ரொக்கப் புத்தகத்தையும் எழுதக் கூடாது, வங்கிக் கணக்கையும் சரிபார்க்கக் கூடாது. ஏன்? கேஷியர் திருடர் என்பதால் அல்ல. நல்ல கேஷியரும் களைத்துப்போன ஒரு சாயங்காலம் 1,200ஐ 2,100 என்று எழுதுவார் என்பதால். உள்கட்டுப்பாடு என்று அந்தப் பாடம் சொல்வது இதைத்தான். 10 ரூபாய் வவுச்சருக்கு இரண்டு கையெழுத்து கேட்கிற உலகத்தில், விமானக் கண்ணாடிக்கு ஒரு கையெழுத்து போதும் என்று எங்கோ ஒரு மேஜையில் முடிவு செய்திருந்தார்கள்.

1993ல் கனடாவில் கோர்டன் டுபாண்ட் என்பவர், பராமரிப்பில் தவறு நடக்கக் காரணமான 12 விஷயங்களைப் பட்டியல் போட்டார். இன்றும் உலகம் முழுவதும் விமான மெக்கானிக்குகளுக்கு இது பாடம். களைப்பு, நேர நெருக்கடி, ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்ட்டிடம் சரியாகச் சொல்லாமல் போவது, கருவியும் ஆளும் போதாமை, "எப்பவும் இப்படித்தான் செய்வோம்" என்ற பழக்கம், தவறு என்று தெரிந்தும் வாய் திறக்கத் தயங்குவது... பட்டியலைப் படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்த 12ல் பாதிக்கு மேல் மெக்கானிக் தனியாக நின்று சரிசெய்யக் கூடியவை அல்ல.

கிரீஸ் செலவு

நிர்வாகம் எங்கே வருகிறது என்பதற்கு இன்னும் தெளிவான உதாரணம் வேண்டுமா? 2000 ஜனவரி 31. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261. கலிபோர்னியாவுக்கு அருகே பசிபிக் கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். வால் பகுதியை ஏற்றி இறக்கும் ஒரு பெரிய திருகு, அதைச் சுற்றி ஒரு மரை. அந்த மரையின் பற்கள் முழுக்கத் தேய்ந்து உருவிக்கொண்டுவிட்டன. கிரீஸ் வேலை செய்ய வேண்டிய இடத்தில் கிரீஸ் இல்லை.

கிரீஸ் போடும் இடைவெளியை அந்த நிறுவனம் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே வந்திருந்தது. தேய்மானத்தை அளக்கும் இடைவெளியையும் நீட்டியது. கண்காணிக்க வேண்டிய அமெரிக்க அரசு அமைப்பு அனுமதி கொடுத்தது. 1997ல் ஒரு மெக்கானிக் அதே விமானத்தின் திருகை அளந்து, தேய்மானம் எல்லையைத் தொட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று எழுதினார். அடுத்த ஷிப்ட்டில் மறுபடி அளந்தார்கள். எல்லைக்குள் இருக்கிறது என்று வந்தது. விமானம் வேலைக்குத் திரும்பியது.

இங்கே வில்லன் யார்? கிரீஸ் போடாத கையா, நீட்டித்த இடைவெளிக்குக் கையெழுத்திட்ட கையா?

பராமரிப்பு என்பது லாப நட்டக் கணக்கில் செலவுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். குறைத்தால் அந்த வருடமே லாபம் கூடும். ஆனால் "நடக்காமல் போன விபத்து" என்று எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் ஒரு வரி கிடையாது. ஒரு வருடம் குறைத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் ஆகாது. அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். ஒன்றும் ஆகாததே, குறைத்தது சரி என்பதற்குச் சாட்சி ஆகிவிடும். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு மெஷினுக்கு ஓவராலைத் தள்ளிப்போட்டால் ஒரு நாள் உற்பத்தி நின்றுபோகும். விமானத்தில் அப்படி நிற்க இடம் இல்லை.

இங்கே நடந்தது

வெளிநாட்டுக் கதைகள் போதும். இந்திய விமானப் படையில் மிக்-21 என்றாலே ஒரு காலத்தில் விபத்துச் செய்திதான். இளம் பைலட்டுகள் அடுத்தடுத்து இறந்தார்கள். பல விபத்துகளுக்குப் பைலட் தவறு என்று எழுதப்பட்டது. ஆனால் ஏர் மார்ஷல் லா ஃபோன்டைன் தலைமையிலான குழு 1982லேயே வேறொன்றைச் சொல்லியிருந்தது. மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்தில் இருந்து இறங்கி நேராக மிக்-21ல் ஏறினால் எப்படி? நடுவே ஒரு நவீன ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்றது. 1997ல் அப்துல் கலாம் தலைமையிலான குழுவும் போர் விமான விபத்துகளை ஆராய்ந்தது. பிரிட்டனின் ஹாக் பயிற்சி விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004ல். விமானம் படையில் சேர்ந்தது 2008ல்.

1982க்கும் 2008க்கும் இடையே 26 வருடம்! அந்த இடைவெளியில் இறந்த பையன்களின் தவறு ஒரு நொடித் தவறு. கோப்புகளை நகர்த்தாமல் வைத்திருந்தது கால் நூற்றாண்டுத் தவறு. பட்டியலில் "காரணம்" கட்டத்தில் முதலாவது மட்டும்தான் இடம்பெறும்.

நீலகிரிக்கு இன்னும் பக்கத்தில் வருவோம். கூடலூர், பந்தலூர் பக்கம் இருந்து வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள், நாடுகாணி வழியாக நிலம்பூர் இறங்கி கரிப்பூர் போவது வழக்கம். அங்கேதான் 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. இரண்டு பைலட்டுகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

2021ல் வந்த விசாரணை அறிக்கை பைலட்டின் தவறை மறைக்கவில்லை. பாதி ஓடுபாதையைத் தாண்டி இறக்கினார், துணை விமானி திரும்ப மேலே ஏறச் சொல்லியும் ஏறவில்லை என்று நேராகவே எழுதியது. ஆனால் அங்கே நிற்கவில்லை. கொட்டும் மழையில் கேப்டன் பக்கத்து வைப்பர் முதல் முயற்சியில் சில நொடிகளிலேயே நின்றுபோனதைச் சொன்னது. இரண்டாவது முயற்சியிலும் அது சரியான வேகத்தில் ஓடவில்லை. மறுநாள் காலை அதே கேப்டனுக்கு இன்னொரு பயணம் போடப்பட்டிருந்ததையும், கோழிக்கோட்டில் அந்த நிறுவனத்துக்குப் போதிய கேப்டன்கள் இல்லாததையும் சொன்னது. அமைப்பு ரீதியான தோல்விகளின் பங்கை ஒதுக்கிவிட முடியாது என்று எழுதியது. நாற்பதுக்கும் மேற்பட்ட பரிந்துரைகள் கொடுத்தது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

ஒரு வைப்பர். ஒரு டூட்டி சார்ட். இரண்டும் பைலட்டின் கையில் இல்லை.

வருண் சிங் பறந்த சோதனை

வருண் சிங் பெயரை எல்லோரும் குன்னூரோடு சேர்த்தே நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன்பு நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 2020 அக்டோபர் 12 அன்று அவர் ஒரு தேஜஸ் போர் விமானத்தில் ஏறினார். அந்த விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பிலும் காற்றழுத்த அமைப்பிலும் பெரிய பழுது பார்த்திருந்தார்கள். சரியாகிவிட்டதா என்று பறந்து பார்ப்பதுதான் அன்றைய வேலை.

உயரத்தில் போனதும் காற்றழுத்தம் போனது. பிறகு கட்டுப்பாட்டு அமைப்பும் போனது. விமானம் கட்டுக்கடங்காமல் குலுங்கி விழ ஆரம்பித்தது. குதித்துத் தப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விமானத்தை மீட்டுத் தரையில் இறக்கினார். அதற்காக 2021ல் சௌர்ய சக்ரா கிடைத்தது.

அந்த வீரத்தைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் அவர் விமானத்தை இறக்கியதால் கிடைத்த இன்னொரு லாபத்தையும் பார்க்க வேண்டும். என்ன கோளாறு என்று பொறியாளர்கள் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடிந்தது, மறுபடி நடக்காமல் தடுக்க நடவடிக்கை எடுக்க முடிந்தது. வீரத்துக்குப் பதக்கம், கோளாறுக்கு விசாரணை. இரண்டும் நடந்தது. அதே மனிதர் கடைசியாகப் பயணம் செய்த ஹெலிகாப்டருக்கும் அந்த இரண்டாவது மரியாதை முழுமையாகக் கிடைக்க வேண்டாமா?

மேகத்துக்குள் என்ன நடக்கிறது?

திசையுணர்வுக் குழப்பம் என்பது திறமைக் குறைவு அல்ல. மேகத்துக்குள் போனால் எது மேலே, எது கீழே என்று கண்ணுக்குத் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். சாய்ந்து போகும்போது நேராகப் போவதுபோல் இருக்கும். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரின் காதும் இதே பொய்யைத்தான் சொல்லும்.

நல்ல விமானம் பைலட்டின் கட்டுப்பாட்டிலேயே மலையில் மோதுவது உலகத்தில் புதிதும் அல்ல. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. 514 என்ற பயணிகள் விமானம் வாஷிங்டன் அருகே ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அமெரிக்க அரசு என்ன செய்தது? "பைலட்டுகளே, கவனமாக ஓட்டுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டு உட்காரவில்லை. தரை நெருங்குகிறது, மேலே ஏறு என்று கத்தும் எச்சரிக்கைக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயம் ஆக்கியது. டான் பேட்மேன் என்ற பொறியாளர் உருவாக்கியது அது. பயணிகள் விமானங்களில் இந்த வகை விபத்து வெகுவாகக் குறைந்தது. பைலட்டுகளின் காது மாறவில்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு துண்டு சேர்க்கப்பட்டது, அவ்வளவுதான்.

அதனால்தான் குன்னூர் விபத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் "மனிதத் தவறு" என்ற பதிலுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன.

அந்தப் பள்ளத்தாக்கின் அந்த நேரத்து வானிலையை விமானக் குழுவுக்குச் சொன்னது யார்? கிளம்பும் முன் சொன்னதா, வழியிலும் சொல்லப்பட்டதா? பர்லியாறில் வெயில் அடிக்கும்போதே குன்னூரில் கை நீட்டினால் விரல் தெரியாது என்பது இந்த மலையில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அந்த அறிவு பறக்கிறவர்களுக்குப் போய்ச் சேர என்ன ஏற்பாடு?

நாட்டின் முதல் ராணுவ அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது, "சார், மேகம் சரியில்லை, திரும்பிவிடலாம்" என்று சொல்வது எவ்வளவு சுலபம்? யாரும் வாய் திறந்து கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. காத்திருக்கும் கூட்டமும் குறித்த நேரமும் தாமாகவே ஒரு அழுத்தம்தான். சாலையில் போயிருக்கக் கூடிய பயணம் அது. எப்போது வானம், எப்போது சாலை என்று முடிவு செய்ய எழுதப்பட்ட எல்லைக்கோடு என்ன? விபத்துக்குப் பிறகு அது மாறியதா?

இவை யாரையும் குற்றவாளி ஆக்கும் கேள்விகள் அல்ல. பதில்கள் முழு அறிக்கையில் இருக்கலாம். பொதுமக்கள் கையில் இருப்பது சுருக்கமும், ஒரு கட்டமும் மட்டும்.

ரகசியம் அல்லவா?

ராணுவ விபத்தின் அறிக்கையை வெளியிட்டால் எதிரிக்குப் பயன்படும் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் வழி இல்லாத கவலை அல்ல.

2006 செப்டம்பர் 2. ஆப்கானிஸ்தானில் காந்தஹார் அருகே பிரிட்டிஷ் விமானப் படையின் நிம்ராட் விமானம் நடுவானில் தீப்பிடித்து விழுந்தது. இறந்தவர்கள் 14 பேர். குன்னூரில் இறந்ததும் 14 பேர். வானத்திலேயே எரிபொருள் நிரப்பியபோது கசிந்த எரிபொருள், சூடான குழாய் ஒன்றில் பட்டுத் தீப்பிடித்தது என்பது ராணுவ விசாரணையின் முடிவு. பிரிட்டன் அதோடு நிற்கவில்லை. சார்லஸ் ஹேடன்-கேவ் என்ற வழக்கறிஞரைத் தனியாக ஆராயச் சொன்னது. 2009 அக்டோபரில் அவருடைய அறிக்கை 500 பக்கத்துக்கு மேல், எல்லோரும் படிக்கும்படி வந்தது.

அதில் என்ன இருந்தது? 30 வருடமாகப் பறக்கிறது, அதனால் பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில், பாதுகாப்பு ஆய்வையே கட்டத்தில் டிக் அடிக்கும் வேலையாகச் செய்திருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சகம் செலவுக் குறைப்பிலும் நிர்வாக மாற்றங்களிலும் மூழ்கியிருந்தது. அமைச்சகத்தையும், பெரிய ஆயுத நிறுவனங்களையும், பொறுப்பில் இருந்த அதிகாரிகளையும் பெயர் சொல்லியே விமர்சித்தார் அவர். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது! பிரிட்டன் தோற்றுப்போய்விடவில்லை. 2010ல் ராணுவ விமானப் பாதுகாப்புக்கென்றே தனி ஆணையம் ஒன்றை உருவாக்கியது.

மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மிச்சத்தை வெளியிட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வானிலைத் தகவல் எப்படிப் போனது என்பதில் எந்த ராணுவ ரகசியமும் இல்லை.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. எல்லாப் பழியையும் "சிஸ்டம்" மேல் போட்டால் தனிமனிதப் பொறுப்பே இல்லாமல் போய்விடும் என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. குடித்துவிட்டு வேலைக்கு வருபவரையும், பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போடுபவரையும் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் நேர்மையாகத் தவறு செய்து, நேர்மையாக ஒப்புக்கொள்பவருக்கு மெமோ கொடுத்தால் என்ன ஆகும்? அடுத்த மெக்கானிக் விமானத்துக்குள் ஸ்பானரை மறந்து வைத்துவிட்டு வந்ததை யாரிடமும் சொல்ல மாட்டார். அந்த ஸ்பானரோடு விமானம் பறக்கும். நிறுவனத்தின் பொறுப்பைக் கேட்பதால் தனிமனிதப் பொறுப்பு குறைவதில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தனிமனிதர்களும் கணக்கில் வருகிறார்கள், அதுதான் வித்தியாசம்.

மேலும், இறந்த பைலட்டுகள் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாதவர்கள் பெயரில் மொத்தக் கணக்கையும் எழுதி முடிப்பது மிகச் சுலபம். அதனாலேயே அது சரியா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும்.

நஞ்சப்பசத்திரத்துக்காரர்கள் அன்று யார் எவர் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கையில் கிடைத்த பாத்திரத்தில் தண்ணீரோடு ஓடினார்கள். தங்கள் ஊர் மேல் விழுந்த அந்த ஹெலிகாப்டர் ஏன் விழுந்தது, மறுபடி விழாமல் இருக்க என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை, வேறு யாருக்கு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு இருக்கிறது. இறந்த 14 பேரின் வீடுகளுக்கும் இருக்கிறது.

டிசம்பர் வந்தால் காட்டேரியில் மறுபடி பனி இறங்கும். வெலிங்டனுக்கு அதிகாரிகள் வந்துபோய்க்கொண்டுதான் இருப்பார்கள். மேகத்தை யாராலும் தடுக்க முடியாது. மேகத்துக்கு முன்னால் எத்தனை துண்டுகள் நிற்கின்றன என்பதைச் சொல்ல முடியும். அதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.